கலைச்சொல் தேவை: பசைக் குப்பி கவிழாமல் தாங்கும் கட்டை

எழுதியவர்: ம.

நண்பர்களே,

பிளாஸ்டிக் மாதிரிகள் கட்டுவது பற்றிய மாணவர் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகவேண்டும். பணிமேசையில் பசையும் பெயின்டும் கொட்டாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அதற்கு இப்போதைக்கு 'சிந்தல் தடுப்பு' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரிதானா?

அதைவிட முக்கியமாக ஒரு பொருளுக்குப் பெயர் வேண்டும். கனமான மரக்கட்டையில் குப்பியின் அளவுக்குக் குழி எடுத்து, குப்பியை அதில் இறக்கி வைக்கிறார்கள். மூடி திறந்திருக்கும்போது கை பட்டாலும் சாயாது. மூலத்தில் அதற்கு ஒரே சொல். என்னிடம் இருப்பது 'குப்பி கவிழாமல் தாங்கும் அடிக்கட்டை'. படத்தின் கீழே இது அடங்காது. படிக்கப்போவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

எழுதியவர்: செ.

'சிந்தல்' போதாது என்று நினைக்கிறேன். நம்மிடம் இதற்கு எத்தனை வினைகள்! பாத்திரத்துக்குள்ளேயே அலைந்தால் தளும்பல். விளிம்பு தாண்டிக் கொஞ்சம் வெளியே போனால் சிந்தல். நிறைந்து போனால் வழிதல். மொத்தமாகப் போனால் கொட்டல். இடுக்கு வழியே போனால் கசிதல், ஒழுகுதல். தூரிகையை உதறினால் தெறித்தல். 'குறைகுடம் தளும்பும்' என்றுதான் சொல்கிறோம், சிந்தும் என்று சொல்வதில்லை. இந்த இயல் எதைத் தடுக்கிறது? குப்பி விழுவதை. விழாவிட்டால் கொட்டப்போவதில்லை. ஆகவே பெயர் காரணத்திலிருந்து வரட்டும்: 'கவிழாத் தாங்கி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். 'அழியாப் புகழ்' போல.

எழுதியவர்: அ.

செ. அவர்களின் பட்டியல் நன்று. ஆனால் 'சிந்து' என்ற வேரை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவேண்டாம். சாய்ந்தது, சாய்த்தது என்று தன்வினையும் பிறவினையும் வேறாகும். கவிழ்ந்தது, கவிழ்த்தது என்பதும் அப்படியே. சிந்துவுக்கு மட்டும் இரண்டுக்கும் ஒரே வடிவம்: பசை சிந்தியது, அவன் பசையைச் சிந்தினான். யார் செய்தது என்று சுட்டாமல் நடந்ததை மட்டும் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? பாவகையாகிய சிந்தும் சிதறி விழும் சீர்களால் அந்தப் பெயர் பெற்றிருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். 'சிந்தாமணி'யையும் சிந்தாத மணி என்றே பிரிக்கலாம். அந்த வழியில் 'சிந்தாக்கட்டை' என்று முன்மொழிகிறேன்.

எழுதியவர்: செ.

ஐயா, சிந்தாமணி வடசொல். நினைத்ததைத் தரும் மணி என்று பொருள், அதிலுள்ளது சிந்தனையின் 'சிந்தா'. தமிழ்ச் சிந்துதலுக்கும் அதற்கும் உறவில்லை. பாவகைக்கு நீங்கள் சொல்லும் விளக்கத்துக்கும் சான்று வேண்டும்.

எழுதியவர்: த.

நான் மாதிரி கட்டுபவன், இலக்கணம் அவ்வளவு தெரியாது. பொருளைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வைக்க உதவலாம்.

குப்பி விழுவதும் விழாததும் இரண்டு அளவுகளைப் பொறுத்தது: அடியின் அகலம், ஈர்ப்பு மையத்தின் உயரம். அடி 4 செ.மீ., மையம் 4 செ.மீ. உயரத்தில் என்றால் ஏறக்குறைய 27 பாகை சாய்ந்ததுமே விழுந்துவிடும். அதையே 10 செ.மீ. அகலமுள்ள கனத்த கட்டையில் இறக்கி, கட்டையும் குப்பியும் சேர்ந்த மையம் 2.5 செ.மீ.க்கு வந்தால் 63 பாகை வரை தாங்கும். ஆக அந்தக் கட்டை இரண்டு வேலை செய்கிறது. அடியை விரிக்கிறது, எடையைக் கீழே கொண்டுவருகிறது.

கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் இருக்கட்டும். வெட்ட எளிது என்று பிள்ளைகள் தெர்மாகோலில் குழி எடுப்பார்கள். அது பாலிஸ்டைரீன் நுரை. பிளாஸ்டிக் பசையும் பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. ஒரு சொட்டு வழிந்தாலும் தாங்கி கரைந்து குழியாகும், குப்பி சாயும். மரம் வேண்டும், அல்லது கரையாத வேறு பொருள். அதே காரணத்தால், பசை மாதிரியின் மேல் சிந்திவிட்டால் உடனே துடைக்கக் கூடாது. இளகிய பிளாஸ்டிக்கில் விரல் ரேகையும் துணியின் இழையும் பதிந்துவிடும். தொடாமல் விட்டு, நன்றாக இறுகிய பிறகு உப்புத்தாளால் தேய்க்கவேண்டும்.

அப்புறம், பெயின்ட் எப்போதும் குப்பி கவிழ்ந்துதான் கொட்டுகிறது என்றில்லை. விளிம்பில் காய்ந்த பெயின்ட் மூடியைப் பிடித்துக்கொள்ளும். பலங்கொண்டு திருகும்போது மூடி சட்டென்று விடும், குப்பி கையோடு ஆடும். மூடும் முன் விளிம்பைத் துடைப்பதுதான் அதற்கு மருந்து. இது கவிழ்தலில் அடங்காது. அதனால் இயலுக்குச் 'சிந்தல்' என்ற தலைப்பே இருக்கட்டும். கட்டையை நாங்கள் 'ஸ்டாண்ட்' என்போம்.

எழுதியவர்: வெ.

'ஸ்டாண்ட்' வேண்டாம். கலைச்சொல் கேட்டு ஒருவர் வந்திருக்கும்போது, இருக்கிற ஆங்கிலச் சொல்லையே கையில் கொடுத்து அனுப்புவது சரியில்லை. அதுவும் நம்மிடமே சொல் இருக்கும்போது. புரிமணை! உருண்டை அடியுள்ள பானை உருளாமல் இருக்க வைக்கோல் புரியை வளையமாகச் சுற்றி அதன்மேல் வைப்போமே, அதுதான். பிரிமணை என்றும் வழங்கும். புரி என்றால் முறுக்கு, மணை என்றால் இருக்கை. செய்யும் வேலை இதேதான், பொருள்தான் மரமாக மாறியிருக்கிறது. 'மேசை'யையும் விட்டுப் 'பணிப்பலகை' என்று எழுதுங்கள்.

எழுதியவர்: செ.

மேசை போர்த்துக்கீசியம்தான். சாவி, சன்னல், அலமாரி எல்லாம் அப்படி வந்தவையே. வந்து பல நூற்றாண்டுகளாகிவிட்டன, திசைச்சொல் என்று ஏற்க நம் இலக்கணமே இடம் தருகிறது. 'பணிப்பலகை' என்றால் பிள்ளைகள் அறிவிப்புப் பலகையைத் தேடுவார்கள்.

எழுதியவர்: வெ.

புழக்கத்தில் இருப்பதையே வைப்போம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் கலைச்சொல் ஆக்கமே தேவையில்லை. பிள்ளைகள் புதுச்சொல் கற்பதற்குத்தான் பாடம். 'ஒளிச்சேர்க்கை' யாருக்குத் தெரிந்திருந்தது?

எழுதியவர்: நி.

வகுப்பறையிலிருந்து ஒரு குரல். ஒளிச்சேர்க்கையைப் பார்த்த உடனே ஒளியும் சேர்க்கையும் தெரியும், பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும். புரிமணையைப் பார்க்கும் பிள்ளை 'புரிகிறது' என்ற வினையிலிருந்துதான் தொடங்கும். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கிறது, அழிந்துவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் படத்தின் கீழே ஒரு வரி மட்டும் இருக்கும் இடத்தில் அது நிற்காது.

'மைக்கூடு' போலப் 'பசைக்கூடு' என்றால்? மைக்கூட்டையும் கவிழாதபடி அகன்ற அடியோடு செய்வதுண்டு.

எழுதியவர்: அ.

மைக்கூட்டில் மையை ஊற்றுகிறோம். இங்கே கட்டைக்குள் பசையை ஊற்றவில்லை, குப்பியை இறக்குகிறோம். பசைக்கூடு என்றால் குப்பியையே குறிக்கும்.

எழுதியவர்: ம.

நாள் குறைவாக இருக்கிறது. 'குப்பித்தாங்கி' என்று வைத்துக்கொள்ளலாமா?

எழுதியவர்: செ.

வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒற்று மிகாது. குப்பியைத் தாங்குவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. சுமைதாங்கி, இடிதாங்கி போலக் 'குப்பிதாங்கி'. 'கவிழா' என்ற அடை இல்லாதது எனக்குக் குறைதான். சும்மா அடுக்கிவைக்கும் தட்டும் குப்பிதாங்கிதானே?

எழுதியவர்: நி.

சுமைதாங்கியும் இடிதாங்கியும் பிள்ளைகளுக்குத் தெரியும். குப்பிதாங்கிக்கே என் வாக்கு. விரல் பட்டாலும் அசையாத கட்டை என்பதைப் படமே காட்டிவிடும்.

எழுதியவர்: த.

எனக்கும் சரி. ஒன்றே ஒன்று: திறந்து வைத்திருக்கும் குப்பிக்குத்தான் தாங்கி முக்கியம். வேலைக்கு வேண்டிய பெயின்டை மட்டும் சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு குப்பியை மூடிவிட்டால், தட்டு கவிழ்ந்தாலும் போவது சில சொட்டுகள்தான். அந்த வரியை இடம் போதவில்லை என்று எடுத்துவிடாதீர்கள்.

எழுதியவர்: ம.

எடுக்கமாட்டேன். தலைப்பு 'சிந்தல் தடுப்பு', படத்தின் கீழே 'குப்பிதாங்கி', மேசை மேசையாகவே இருக்கும். 'பெயின்ட்' என்று எழுதிய இடங்களில் 'சாயம்' போடச் சொல்கிறார் மெய்ப்புப் பார்ப்பவர். சாயம் ஊறிப்போவது, இது மேலே படிவது. அதனால் 'வண்ணப்பூச்சு' என்று மாற்றுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

எழுதியவர்: வெ.

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. தாங்கி என்பது எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். அடி உருண்டதால் நிற்காத ஒன்றை நிறுத்திவைக்கும் பொருளுக்கென்றே பிறந்த சொல் புரிமணை. கையேட்டின் இறுதியில் சொல்லடைவு உண்டா? உண்டென்றால் குப்பிதாங்கிக்கு எதிரே ஒரு முறையாவது அதைப் போடுங்கள். வண்ணப்பூச்சு பற்றித் தனி இழையில் எழுதுகிறேன். வண்ணம், நிறம் இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறீர்கள்.