புதுப்பிப்பு: மாக்ஸ் முல்லரின் நூலகம் எங்கே போனது?

ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் 1900இல் இறந்த பிறகு அவருடைய சொந்தப் புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது, மனசுதான் ஆறவில்லை. 1901இல் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் போன அந்த நூலகம் 1923 செப்டம்பர் நிலநடுக்கத் தீயில் எரிந்துபோனது. நான்ஜோ புன்யு போன்ற ஜப்பானியர்கள் ஆக்ஸ்போர்டில் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் நாட்டிலேயே இப்படி ஆனது கூடுதல் வேதனை.

அப்புறம், நல்ல சேதி ஒன்று. பதில் எழுதிய வாசகர் ஒருவர், முல்லர் தொடங்கிய ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசையின் 48ஆம் தொகுதியைப் படமெடுத்து அனுப்பினார். பிரம்ம சூத்திரத்துக்கு ராமானுஜர் எழுதிய பாஷ்யத்தின் (விளக்கவுரையின்) ஆங்கில மொழிபெயர்ப்பு. ஓரமெல்லாம் அந்த வாசகரின் தாத்தா பென்சிலில் பொடி எழுத்தாக எழுதிய தமிழ்க் குறிப்புகள்! 50 தொகுதிகளில் யாரிடம் எது இருக்கிறது என்று இப்போது பட்டியல் போடுகிறோம். சங்கர பாஷ்யம் உள்ள 34, 38 வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.