கார் ரேடியோவில் விசில் சத்தம்: பெங்களூரு ஹாம் நண்பர்கள் உதவ முடியுமா?

வணக்கம். காரில் உள்ள 2 மீட்டர் அலைவரிசை ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில், என்ஜின் ஓடினாலே மெல்லிய விசில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதியும் ஏறுகிறது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்தான், சந்தேகமில்லை. ஆன்டெனாவைக் கழற்றினாலும் அப்படியே இருக்கிறது. ஆக, பவர் ஒயர் வழியாகத்தான் வருகிறது. நான் பேசும்போது எதிர்முனைக்கும் கேட்கிறதாம்.

ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து எடுத்த இணைப்பை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுக்கப்போகிறேன். சிக்கல் மைனஸில். பேட்டரி மைனஸ் முனையில், பேட்டரியின் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. நேராக அந்த மைனஸ் முனையிலேயே மாட்டினால் ரேடியோ எடுக்கும் கரண்ட் சென்சார் கணக்கில் வராது என்கிறார்கள். பாடி எர்த் போல்ட்டில் மாட்டலாமா?

அப்புறம், ஒயரின் மேல் மாட்டும் ஃபெரைட் கிளிப் வேண்டாம். இந்த விசிலுக்கு அது பிரயோஜனப்படாது. பவர் ஒயரில் இரைச்சலைத் தடுக்கும், 15 ஆம்பியர் தாங்கும் சோக் (சுருள்) எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் எந்தக் கடையில் கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.