சேன் பியேரில் 14 மீட்டர் உயிர்வேலி: முரையாவா, விராலியா?

வாசல்தோட்டம் (கேள்வி)

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தென்பகுதியில், சேன் பியேரில் வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே கம்பிவலை மட்டும்தான். 14 மீட்டர் நீளத்துக்கு உயிர்வேலி வைக்கணும், 1.80 மீ. உயரம் போதும். நர்சரியில் ‘புய் தெ ஷீன்’, அதாவது முரையா, வைக்கச் சொல்றாங்க. உள்ளே ரெண்டு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கு. கல்லு மண்ணு, காத்து ஜாஸ்தி. எந்தச் செடி, எவ்வளவு இடைவெளி, எந்த மாசம்? இன்னொன்று: வாசல் பக்கத்துச் செம்பருத்தி வேலி முழங்கால் உயரம் வரை மொட்டையா நிக்குது. தேத்த முடியுமா?

எல்லைக்கல்

செடி வாங்கும் முன்னே டேப்பை எடுங்க. இங்கே பிரெஞ்சு சிவில் சட்டம்தான். ஊர் விதியோ வழக்கமோ வேறாக இல்லாவிட்டால் 671-ஆம் பிரிவு பொருந்தும்: 2 மீட்டருக்கு மேல் வளரவிடும் செடி எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கணும்; அதற்குக் குறைவானதுக்கு அரை மீட்டர். மீறினால் செடியைப் பிடுங்கவோ உயரத்தைக் குறைக்கவோ பக்கத்து வீட்டுக்காரர் கேட்கலாம். வேலியை 2.10-க்கு விட்டுவிட்டு அப்புறம் வாக்குவாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை. நகராட்சியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

ஆனா சட்டம் சொல்ற 50 செ.மீ. கைவேலைக்குப் போதாது. வேலி 80 செ.மீ. தடிமன் ஆகும்போது நடுத்தண்டிலிருந்து 40 செ.மீ. அந்தப் பக்கம் போகும்; கம்பிவலைக்கு மிச்சம் ஒரு சாண்கூட இல்லை, கத்தரி நுழையாது. 80 செ.மீ. தள்ளிக் கயிறு கட்டுங்க.

விராலி

எலுமிச்சை இருக்கிற வீட்டில் முரையா வேண்டாம். எலுமிச்சையைக் கெடுக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புகிற ‘சில்லிட்’ என்ற சாறுறிஞ்சிப் பூச்சிக்கு முரையாவின் இளந்தளிர்தான் விருந்து. வேலியை வெட்ட வெட்டத் தளிர் வரும், தளிர் வந்தால் பூச்சி வரும். கறிவேப்பிலையிலும் அது முட்டை போடும், அதனால் உங்க தோட்டத்தில் ஏற்கெனவே ஓர் இடம் கொடுத்தாச்சு. மருந்து அடிச்சுச் சமாளிக்கலாம் என்பாங்க. அந்தப் பூச்சியை அடக்க 1970-களில் இந்தத் தீவுக்குள் கொண்டு வந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கு. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது அவைதான்.

உங்க காய்ந்த பக்கத்துக்கு விராலி வைங்க. நம்ம ஊர்க் காட்டு விராலியேதான், இந்தத் தீவுக்கும் சொந்தச் செடி. இங்கே ‘புவா தார்னெட்’ என்று கேட்டால் தருவாங்க. இலை பளபளன்னு லேசாப் பிசுபிசுக்கும், காய் காகிதச் சிறகு மாதிரி இருக்கும். காத்து, வெயில், கல்லு எதுக்கும் அசராது. தண்ணி தேங்கினால் மட்டும் வேர் அழுகிச் சாகும்.

இடைவெளி 70 செ.மீ. இரண்டு முனையிலும் 35 செ.மீ. விட்டால் 14 மீட்டருக்கு 20 கன்று. ரெண்டு மூணு கூடுதலா வாங்கி வைங்க. 30–40 செ.மீ. கன்றே நல்லது. ஒன்றரை மீட்டர் செடி வாங்கினால் காத்து ஆட்டிக்கிட்டே இருக்கும், வேர் பிடிக்காது.

குழி தனித்தனியா வேண்டாம், 40 அகலம் 40 ஆழத்தில் ஒரே சால். பெரிய கல்லை எடுத்துட்டு, எடுத்த மண்ணோட நாலில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து போடுங்க. நடும் முன் தொட்டியோட வாளித் தண்ணியில் முக்கி, குமிழி நிக்கும்வரை வைங்க. பையைக் கிழிச்சதும் அடியைப் பாருங்க: வேர் வட்டமாச் சுத்தியிருந்தால் பிரிச்சு விடணும், தடிச்ச வட்டத்தை வெட்டணும். அப்படியே நட்டால் ரெண்டு வருஷம் நல்லா நின்னுட்டு ஒரு புயலில் சாயும். தொட்டியில் இருந்த மட்டத்துக்கு மேல் மண் ஏறக்கூடாது.

நட்டவுடன் நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளுங்க. மனசு வராது, ஆனா கிளை அடியிலிருந்தே பிரிய அது ஒண்ணுதான் வழி. பிறகு புதுசா 15 செ.மீ. வளரும்போதெல்லாம் அதில் பாதியை வெட்டுங்க. பச்சை இலை உள்ள பகுதியிலேயே வெட்டணும். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் விராலி சரியாத் துளிர்க்காது.

தண்ணி முதல் ரெண்டு மாசம் வாரம் ரெண்டு தடவை, செடிக்கு 5 லிட்டர். பிறகு மழையைப் பார்த்து வாரம் ஒரு தடவை. டிசம்பரில் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்க.

சோகைமூட்டம்

மாசத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சொட்டுநீர் இருந்தால் ஏப்ரல்தான். புயல் பருவம் முடியற நேரம், மண்ணில் ஈரமும் சூடும் இருக்கும். சொட்டுநீர் இல்லையா, மேலே எழுதின நண்பர் ‘விராலி’ சொன்ன டிசம்பரே சரி. காத்தடிச்ச மறுநாள் தண்டோரம் குனிஞ்சு பாருங்க. செடி ஆடினதில் மண்ணில் புனல் மாதிரி குழி விழுந்திருக்கும், அதில் தண்ணி நின்னால் தண்டு அழுகும். மண் போட்டுக் குதிகாலால் மிதிச்சு விடுங்க.

செம்பருத்தி மொட்டையானதுக்குக் காரணம் மேலே அகலமா, கீழே குறுகலா வெட்டினது. அடிக்கு வெயில் படலை. அது பழைய கட்டையிலும் துளிர்க்கும், பயமில்லை. செப்டம்பர் கடைசியில், செடிக்கு மூணு தண்டு இருந்தால் ஒண்ணை 30 செ.மீ.க்கு வெட்டுங்க, அது தளிர்த்ததும் அடுத்தது. அதுக்கப்புறம் அடி 80, மேல் 50 செ.மீ. என்ற சரிவிலேயே வெட்டணும்.

வாசல்தோட்டம்

ரொம்ப நன்றி. விராலிதான். கரும்புச் சோகை நிறையக் கிடைக்குது, மண்ணோட கலந்து புதைக்கலாமா? ‘சிலோன் த்ரோயென்’னு ஒரு வேலிச்செடியைச் சும்மா தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், நடுவில் நாலு வைக்கலாமா?

சோகைமூட்டம்

சோகையைப் புதைக்காதீங்க. மக்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கும், கன்று மஞ்சளாகும். மேலே 10 செ.மீ. பரப்புங்க, ரெண்டு மாசத்தில் பாதியா அமுங்கும். தண்டைச் சுத்தி ஒரு சாண் காலியா விடணும், இல்லைன்னா ஈரத்தில் நத்தை வந்து பட்டையைத் தின்னும்.

த்ரோயென் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 1960-களில் இங்கே வந்த செடி, இப்போ காட்டையே பிடிச்சிருக்கு. செம்மீசைச் சின்னான் பழத்தைத் தின்னுட்டு விதையைக் காடு முழுக்கப் போட்டுட்டுப் போகும்.