சிங்கப்பூரிலிருந்து வந்த சீன மூலிகைப் பொட்டலம்: சர்க்கரையால் பழுதான சிறுநீரகத்துக்குக் கொடுக்கலாமா?

கானாடுகாத்தான்காரன்:
அப்பச்சிக்கு 58 வயது. கிரியேட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவு) 1.8, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 43, சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (சிறுநீரில் கசியும் புரதத்தின் அளவு) 640, பொட்டாசியம் 4.9. கணுக்காலில் வீக்கம். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் 40, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும். சிங்கப்பூர் அயித்தான் 30 பொட்டலம் கொண்டுவந்திருக்கிறார். தினம் ஒன்றை மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்துக் குடிக்கணுமாம். சீட்டில் ஹுவாங் சி, பாய் சூ, ஃபாங் ஜி, கான் சாவோ, தா ஹுவாங் என்று இருக்கிறது. டாக்டர் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

மருந்துக்கடை மேசை:
தம்பி, அடுப்பில் ஏற்றாதீங்க. முதல் நான்கும் சேர்ந்தால் வீக்கத்துக்குச் சீனர்கள் காலங்காலமாகக் கொடுக்கும் கஷாயம். சிக்கல் ஃபாங் ஜியில். அந்தப் பெயரில் இரண்டு வேர் உண்டு: ஹான் ஃபாங் ஜி ஸ்டெஃபானியா இனம், குவாங் ஃபாங் ஜி அரிஸ்டோலோகியா இனம். வில்லை போட்டுக் காயவைத்துவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்கக் கொடுத்த மாத்திரையில் இப்படித்தான் ஹானுக்குப் பதில் குவாங் மாறிப் போனது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது, பலர் டயாலிசிஸுக்குப் போனார்கள், சிலருக்குப் பின்னால் சிறுநீர்க்குழாயில் புற்றுநோயும் வந்தது. சீனா 2004-ல் குவாங் ஃபாங் ஜியை விலக்கியது. அதிலிருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு, கொதித்தால் போய்விடாது. நம்ம பக்கத்து ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்தும் அதே இனம்தான், அதையும் கஷாயம் வைக்க வேண்டாம்.

கான் சாவோ என்பது அதிமதுரம். உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும். இரத்த அழுத்தம் ஏறும், எந்த வீக்கத்துக்காகக் குடிக்கிறாரோ அதுவே கூடும். தா ஹுவாங் ரேவல்சின்னி வகை, வயிற்றைக் கழியவைக்கும். டெல்மிசார்ட்டன் போடுகிறவருக்கு நாலு தடவை பேதியாகி நீர் வற்றினால் கிரியேட்டினின் சட்டென்று எகிறும்.

தேவகோட்டை ஆச்சி (டயாலிசிஸ் செவிலி):
ஹுவாங் சி சிறுநீரில் புரதத்தைக் குறைப்பதாகச் சீன ஆய்வுகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், சில மாதங்களே நடந்தவை. டயாலிசிஸ் தள்ளிப்போனதா என்பதற்கு அவற்றில் பதில் கிடைக்காது. புரதம் குறைந்தால் மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியாது: லெய் கோங் தெங் என்ற இன்னொரு சீனக் கொடியும் புரதத்தை நன்றாகவே குறைக்கும். கூடவே கல்லீரலையும் வெள்ளணுக்களையும் கெடுக்கும்.

இதைக் கவனமாகப் படிங்க. அரிஸ்டோலோகிக் அமிலம் தாக்குவது சிறுநீரக நுண்குழாய்களை, வடிகட்டியை அல்ல. அதனால் அல்புமின் பெரிதாக ஏறாமலே கிரியேட்டினின் ஏறும், இரத்தசோகை வரும். "புரதம் கூடவில்லையே" என்று நம்பிக் குடித்துக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் சுருங்கிவிடும். நிறுத்திய பிறகும் அந்தத் தழும்பு வளரலாம்.

கானாடுகாத்தான்காரன்:
ஆச்சி, நாலு பொட்டலம் ஏற்கெனவே குடித்துவிட்டார். லத்தீன் பெயர் எங்கேயும் இல்லை.

தேவகோட்டை ஆச்சி:
இன்றே நிறுத்துங்க, அப்பு. நாளைக்கே கிரியேட்டினின், பொட்டாசியம், எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கு), ஹீமோகுளோபின், சிறுநீர் முழுப்பரிசோதனை எடுங்க. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அல்புமின் விகிதத்துக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்க. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும் நாளில் கொடுத்தால் பொய்யாக உயரும்.

மருந்துக்கடை மேசை:
இன்னொன்று. இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே வந்துவிட்டதால் மெட்ஃபார்மின் நாளுக்கு மொத்தம் 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அவர் 2000 போடுகிறார். 30-க்குக் கீழே போனால் அறவே நிறுத்தணும். டாக்டரிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்க.

டெல்மிசார்ட்டனை 80-க்கு ஏற்றலாமா, சிறுநீரகத்தையும் காக்கும் சர்க்கரை மாத்திரையான டபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்க்கலாமா என்றும் கேளுங்க. 2020-ல் 4304 பேரிடம் நடந்த டபாக்ளிஃப்ளோசின் ஆய்வில் சிறுநீரகம் பாதியாகக் குன்றுவது, டயாலிசிஸ் நிலை, சிறுநீரக அல்லது இதய மரணம் எல்லாம் சேர்ந்து 39 சதவீதம் குறைந்தன. தொடங்கிய சில வாரத்தில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீங்க. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாட்களில் மட்டும் டபாக்ளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைக்கணும். டெல்மிசார்ட்டனுக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

வீக்கத்துக்கு உப்புதான் பெரிய எதிரி. ஒரு நாளைக்கு 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதற்குள் எல்லாம் அடங்கணும். உப்புக்கண்டம், வற்றல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். "சோடியம் குறைந்த உப்பு" வாங்கவே வாங்காதீங்க. அதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும், டெல்மிசார்ட்டனோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே தடுமாறலாம்.

தேவகோட்டை ஆச்சி:
மீதி 26 பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடாதீங்க. பிரிக்காத ஒன்றையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரைப் பாருங்க. கிரியேட்டினின் ஏறியிருந்தால் எந்த வேர் உள்ளே போயிருக்கிறது என்று சோதிக்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். அயித்தானிடம் கடை ரசீதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.