ஹாங்காங் கன்ட்ரி பார்க்கில் உயிருள்ள மரங்களை வெட்டுவது ஏன்?

மலைப்பாதை:
நன்றாக நிற்கிற அகேசியா மரங்களை வெட்டிவிட்டு, அங்கே சின்னச் சின்னக் கன்றுகளாக நட்டிருக்கிறார்கள். 1976 கன்ட்ரி பார்க் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பூங்காதானே இது? சும்மா விட்டால் காடு தானாக வளராதா?

வேர்மண்:
நீங்கள் பார்த்தது இயற்கைக் காடு இல்லை, நட்ட தோப்பு. இரண்டாம் உலகப்போரில், ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் விறகுக்காக மலைகளை மொட்டையடித்துவிட்டார்கள். போருக்குப் பிறகு மண் அரித்து நீர்த்தேக்கங்களில் இறங்காமல் இருக்க அவசரமாகப் பச்சை தேவைப்பட்டது. 1977இல் முதலில் அறிவித்த பூங்காக்களில் காம் ஷான், ஷிங் முன் இரண்டும் நீர்த்தேக்கங்களைச் சுற்றியே இருப்பது தற்செயல் அல்ல. முதலில் நட்ட உள்ளூர் பைன் மரங்களை எழுபதுகளின் கடைசியில் வந்த நூற்புழு நோய் வாரிக்கொண்டு போயிற்று. சத்தில்லாத மண்ணிலும் வேகமாக வளர்கிற தைவான் அகேசியா, பிரிஸ்பேன் பாக்ஸ், ஸ்லாஷ் பைன் மூன்றும்தான் மலையைக் காப்பாற்றின.

சிக்கல் என்னவென்றால், ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில்தான் மூப்படையும். தைவான் அகேசியா ஐம்பது அறுபது வயதில் தளர்ந்து, பெரும்புயலில் சாய்கிறது. அதனால்தான் 2009 முதல் பூங்காக்களைப் பராமரிக்கும் அரசுத் துறை மரங்களின் நெருக்கத்தைக் குறைத்து, வெளிச்சம் விழும் இடங்களில் உள்ளூர் மரங்களை நடுகிறது. ஒரேயடியாக மொட்டையடித்தால் மண் மறுபடி வெயிலிலும் மழையிலும் கிடக்கும். ஆகவே நலிந்த மரங்களைப் பார்த்துப் பகுதி பகுதியாக எடுக்க வேண்டும்.

சின்னான்:
"தானாக வளராதா" என்பதற்கு: பாதிதான் வளரும். செம்மீசைச் சின்னான் போன்ற பறவைகள் சிறு பழங்களைத் தின்று விதையைப் பரப்பும். பெரிய பழத்தை விழுங்கவோ ஓக் குடும்பக் கொட்டைகளைத் தூரம் கொண்டுபோகவோ வேண்டிய விலங்குகளில் பல இங்கே அற்றுப்போய்விட்டன. கொட்டை தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடக்கும். அந்த இனங்களை மனிதர்தான் நட வேண்டும்.

மலைப்பாதை:
அப்படியென்றால் தன்னார்வலர்களாக நாங்கள் கன்று கொண்டுவந்து நடலாமா?

வேர்மண்:
அனுமதியில்லாமல் வேண்டாம். துறை ஏற்பாடு செய்யும் நடவில் சேருங்கள். மழை தொடங்கும் வசந்தத்தில் நட்டால் வறண்ட குளிர்காலத்துக்குள் வேர் இறங்கிவிடும். குழி வேர்க்கட்டியைப் போல் இரு மடங்கு அகலம் இருக்கட்டும். பைக்குள் சுருண்ட வேரை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிற்பாடு அது மரத்தையே நெரிக்கும். தண்டின் அடிக்கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும்.

உண்மையில் கன்று சாவது நடவில் இல்லை, அதற்குப் பிறகுதான். முதல் சில ஆண்டுகள் சுற்றிலும் ஒரு மீட்டர் புல்லை அகற்றாவிட்டால் கன்று மூச்சுத்திணறும். மரங்களின் மேல் படர்ந்து மூடும் மிகானியா என்ற அந்நியக் கொடியைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். துண்டாக்கிப் போட்டால் கணுவுக்குக் கணு வேர்விடும்.

சின்னான்:
தீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னோரை வணங்கும் சிங் மிங், சுங் யோங் நாட்களில் மலைக் கல்லறைகளில் காகிதமும் ஊதுபத்தியும் எரிப்பார்கள். ஒரு பொறி காய்ந்த புல்லில் விழுந்தால் பல ஆண்டு நடவு ஒரு மதியத்தில் சாம்பல். எளிதில் பற்றாத ஸ்கீமா மரத்தைத் தீத்தடுப்பு வரிசையாக நடுவது அதனால்தான். ஆனால் அந்த வரிசைக்கு அடியில் சருகும் புல்லும் சேர்ந்தால் தீ தரையோடு ஊர்ந்து மறுபக்கம் போய்விடும். வறட்சி தொடங்குமுன் அதைக் கூட்டியெடுக்கிற வேலைக்குத்தான் ஆள் எப்போதும் போதாது.