‘சரளமாகப் பேச வேண்டும்’ என்று நோட்டில் எழுதாதீர்கள்: புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்கு

இந்தப் பருவத்தில் நம் ஊரிலிருந்து இந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் மூன்று நான்கு பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். தேர்வில் மதிப்பெண் இருக்கிறது, படித்தால் புரிகிறது, எழுதி ஒப்பேற்றிவிடலாம், ஆனால் வகுப்பில் ஆங்கிலம் பேச வாய் வரவில்லை, என்ன செய்வது? ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இங்கேயே மொத்தமாகப் போட்டுவிடுகிறேன். நான் முதுகலைக்கு வந்தவன், இப்போது முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. மொழி ஆசிரியர் இல்லை. முதல் பருவம் முழுக்க செமினாரில், அதாவது கலந்துரையாடல் வகுப்பில், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவன் என்பதுதான் இதை எழுத எனக்கு இருக்கும் தகுதி.

அந்தப் பருவத்தில் நோட்டின் முதல் பக்கத்தில் ‘ஆறு மாதத்தில் சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நடந்ததா இல்லையா என்று சொல்லவே வழியில்லை. எது சரளம்? யார் அளப்பது? திங்கட்கிழமை காலையில் எழுந்து அதற்காக என்ன செய்வது? ஒரு ஆசைக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தேர்வு மதிப்பெண் ஏன் கைகொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை நினைத்துக் குமைகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-இல் பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். எதிரே ஒரே ஒருவர். நடுவில் ஒரு தலைப்பைக் கொடுத்து யோசிக்க 1 நிமிடமும் தருவார்கள். நீங்கள் 2 நிமிடம் வரை பேசலாம், பக்கத்தில் இருப்பவர் பேச்சைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார். செமினாரில் பன்னிரண்டு பேர். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார். உங்களுக்காக யாரும் காத்திருப்பதில்லை. இரண்டும் வேறு வேறு ஆட்டம், மதிப்பெண் பொய் இல்லை.

இன்னொரு காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘போன வாரம் நீங்கள் கொடுத்த கட்டுரையில் இருந்த இரண்டாவது வாதத்தை நான் ஏற்கவில்லை’ என்று மனதில் ஓடுகிறது என்று வையுங்கள். ஆங்கிலத்தில் இதைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஏற்கவில்லை என்பது முதலில், எதை என்பது அப்புறம், எந்தக் கட்டுரை, யார் கொடுத்தது, எப்போது என்பதெல்லாம் வால் மாதிரி பின்னால். புரட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். எனக்கு உதவியது முடிவை முதலில் போட்டுவிடுவது. ‘ஐ டிஸக்ரீ வித் த செகண்ட் ஆர்க்யுமென்ட்.’ அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும். வாயைத் திறந்தாகிவிட்டது, எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள், இனி காத்திருப்பார்கள். ஏன் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இலக்குக்கு வருவோம். பல்கலைக்கழகப் பயிற்சி வகுப்புகளில் ‘ஸ்மார்ட்’ இலக்கு என்று ஒன்று சொல்லித் தருவார்கள்: இலக்கு திட்டவட்டமாக, அளக்கக்கூடியதாக, கெடுவோடு இருக்க வேண்டும் என்பார்கள். ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-இல் நிறுவன மேலாளர்களுக்காக எழுதிய சூத்திரம் அது. கெட்டதில்லை. ஆனால் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் சொன்ன ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ வகைத் திட்டம்தான் அதிகம் பயன்படும். அந்த நேரத்தில் பேசலாமா வேண்டாமா என்று மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, முடிவு முந்தின நாளே எடுத்தாகிவிட்டது.

என்னுடைய முதல் இலக்கு இது: ‘ஆசிரியர் முதல் கேள்வியை முன்வைத்தால், பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் சொல்வேன்.’ ஏன் பத்து நிமிடம்? நேரம் ஆக ஆக நீங்கள் சொல்ல நினைத்ததை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அரை மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டால், அதற்குப் பிறகு பேசுவது ஏதோ அறிக்கை விடுவதுபோல ஆகிவிடும், பயமும் இரட்டிப்பாகும். முந்தின இரவே ஒரு கேள்வியை எழுதி, இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவேன். கருத்துச் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது சுலபம், பாரத்தை அடுத்தவர் தோளில் இறக்கிவிடலாம். சொன்னது சரியா, இலக்கணம் பிசகியதா என்பதெல்லாம் கணக்கில் கிடையாது. சொன்னேனா, இல்லையா? நோட்டில் ஒரு கோடு.

இரண்டாவது இலக்கு இதைவிடக் கஷ்டமாக இருந்தது: புரியாமல் தலையாட்டுவதை நிறுத்துவது. ‘யெஸ் யெஸ்’ என்று சிரித்துவிட்டு வெளியே வந்து, அவர் என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். வாரத்துக்கு மூன்று முறை திருப்பிக் கேட்பேன் என்று வைத்துக்கொண்டேன். வெறும் ‘சாரி?’ போட்டால் அதே வாக்கியம் அதே வேகத்தில் திரும்ப வரும், இன்னும் கொஞ்சம் சத்தமாக. புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘டூ யூ மீன் த செகண்ட் கிராஃப்?’ அவர்களுக்கு எங்கே சிக்கியது என்று தெரிந்துவிடும், வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலைப் பார்த்திருப்பீர்கள், ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். பி2-விலிருந்து சி1-க்குப் போக வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள், ஒரு பருவத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகராது. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது எழுதும் பாணியை. ஒவ்வொரு படியும் ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்றுதான் விளக்கப்பட்டிருக்கும். உங்கள் இலக்கையும் அப்படியே எழுதுங்கள்: என் ஆய்வுத் தலைப்பை வேறு துறைக்காரர் ஒருவருக்கு 2 நிமிடத்தில் புரியவைக்க முடியும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வாக்கியம் அது.

அந்த 2 நிமிடத்துக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய 4-3-2 முறை. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும், பிறகு இன்னொருவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். ஆள் கிடைக்காவிட்டால் போனில் பதிவு செய்யுங்கள். முதல் தடவை வார்த்தை தேடித் தடுமாறுவோம், மூன்றாவது தடவை அந்தத் தேடல் குறைந்து வாக்கியம் தானாக வரும். பதிவைக் கேட்பதுதான் கொடுமை. என் குரலை முதன்முதலில் கேட்டபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உச்சரிப்பு பற்றி. அந்த நாட்டுக்காரர் மாதிரி பேச வேண்டும் என்று இலக்கு வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மரே மன்றோ, ட்ரேஸி டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-லேயே காட்டியது: பேச்சில் அயல் சாயல் பலமாக இருந்தாலும் சொல்வது முழுக்கப் புரியலாம், இரண்டும் தனித்தனி விஷயங்கள். ஆகவே புரியாமல் போகும் இடங்களை மட்டும் பிடியுங்கள். ஆய்வகத்தில் நான் பதினைந்து நிமிடம் என்று சொன்னது கூட இருந்தவர் காதில் ஐம்பதாக விழுந்து, ஒரு நாள் வேலை பாழானது. தவறு என்னுடையது: ‘ஃபிஃப்டீன்’ என்பதில் கடைசி அசையை அழுத்தி நீட்ட வேண்டும், நான் முதல் அசையில் அழுத்திவிட்டு வாலை விழுங்கிவிட்டேன். தமிழில் எந்த அசையில் அழுத்தினாலும் சொல் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் வேறு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். ‘பாராமீட்டர்’ என்று நாம் ஆற அமரச் சொல்வதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், ‘மீட்டர்’ சுருங்கி ‘மிட்டர்’ ஆகிவிடும். உங்கள் துறையில் அடிக்கடி வரும் பத்துச் சொற்களை வாரம் ஒருமுறை அகராதியில் ஒலியோடு கேளுங்கள். பத்து போதும், நூறு வேண்டாம்.

இதோடு ஒரு சின்ன எச்சரிக்கை. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று கையைத் தூக்காதீர்கள். நமக்கு அது ‘ஒரு கேள்வி இருக்கிறது’. அங்கே ‘நீங்கள் சொல்வதை நம்பவில்லை’ என்று கேட்கும். ‘ஐ ஹேவ் எ கொஸ்சின்’ போதும். அதேபோல் படிப்பை முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்று சொன்னால், மயங்கி விழுந்தீர்களா என்று பார்ப்பார்கள். நான் அறிமுக நாளிலேயே சொன்னேன்.

ஆபீஸ் ஹவர்ஸ், அதாவது ஆசிரியரை அவர் அறையில் போய்ப் பார்க்க ஒதுக்கிய நேரம், கஷ்டப்படுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். ஆங்கிலம் பேச அதைவிடப் பத்திரமான இடம் வளாகத்தில் இல்லை: ஒரே ஆள், உங்களுக்குத் தெரிந்த விஷயம், பத்துப் பதினைந்து நிமிடம். மாதம் இரண்டு முறை என்று வையுங்கள். கிளம்பும் முன் ‘லெட் மீ செக் இஃப் ஐ காட் திஸ் ரைட்’ என்று சொல்லி, அடுத்து செய்ய வேண்டியதை உங்கள் வாயால் ஒப்புவியுங்கள். பேச்சுப் பயிற்சியும் ஆகும், தவறாகப் புரிந்துகொண்டு இரண்டு வாரம் வீணாவதும் தப்பும். மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் இருந்தால் போய்ப் பாருங்கள். 1924-இல் தொடங்கிய அமைப்பு. அங்கே ‘டேபிள் டாபிக்ஸ்’ என்று தயாரிப்பில்லாமல் 1 முதல் 2 நிமிடம் பேச வைப்பார்கள். மேடை ஆசை இல்லாதவர்களுக்கும் அந்த ஒரு பகுதி உதவும்.

கீழே பின்னூட்டத்தில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ‘அண்ணா, அறையில் எல்லோரும் தமிழ், அதனால்தான் முன்னேறவில்லையோ? வீட்டிலும் ஆங்கிலம்தான் என்று சட்டம் போடலாமா?’ போடாதீர்கள் தம்பி. நாங்களும் போட்டோம், இரண்டாம் நாள் இரவே வாய்ச்சண்டை தமிழில் வந்துவிட்டது. நாள் முழுக்க அந்நிய மொழியில் தட்டுத்தடுமாறிய மூளைக்கு ஓய்வு வேண்டும். வீட்டுத் தமிழை விட்டுவிடுங்கள், வெளியே ஒரு நேரத்தைப் பிடியுங்கள். எனக்கு அது வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கும் ஐந்து நிமிடம். யாருடனாவது சேர்ந்து இறங்கி ‘ஹவ் டிட் யூ ஃபைண்ட் த ரீடிங்?’ என்று ஒரு வரி போட்டால் போதும், மீதியை அவர்கள் பேசுவார்கள்.

இன்னொருவர், தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்கிறார். என் அனுபவத்தில் என் வழுவைக் கவனித்துக் குத்திக் காட்டியவர்களில் பாதிப் பேர் நம்மவர்களே. அதற்கு என்னிடம் இலக்கு எதுவும் இல்லை, கொஞ்சம் தடித்த தோல்தான்.

கடைசியாக, என் இரண்டாம் பருவக் கணக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பன்னிரண்டு வாரத்தில் செமினாரில் முதல் பத்து நிமிடத்துக்குள் பேசியது ஏழு முறை. மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டு வாரம் போகவே இல்லை. திருப்பிக் கேட்பது மட்டும் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு கணக்கு வைக்கத் தேவையில்லாமல் போனது, அதை அடித்துவிட்டு ‘அலுவலகத்துக்குப் போன் செய்து பேசுவது, வாரம் ஒன்று’ என்று எழுதினேன். முகம் தெரியாத போன் பேச்சு எனக்கு இன்னும் உதறல்தான். அந்த வரி மூன்றாம் ஆண்டு நோட்டிலும் அப்படியே இருக்கிறது.