சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மயோலிக்கா ஓவியம்: யாராவது செய்து பார்த்ததுண்டா?

செம்பனை டீச்சர் (சுங்கை சிப்புட்)

வணக்கம். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகள். வாய் ஓயாமல் பேசுவார்கள். நான்கு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். போன வாரம் மயோலிக்கா என்னும் இத்தாலிய வண்ண மண்தட்டுகளின் படங்களைக் காட்டினேன். தெரூத்தா ஊரின் டிராகன் தட்டைப் பார்த்ததும் ஒருவன், "டீச்சர், இது யாளியா?" என்றான். அப்புறம் வகுப்பை அடக்க முடியவில்லை.

வரையவும் எழுதவும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாமென்று ஆசை. சூளை கிடையாது, காசும் குறைவு. "படிக்க வந்த இடத்தில் பெயின்ட் எதற்கு" என்று சில பெற்றோர் இப்போதே முணுமுணுக்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

பழைய ஓவிய வாத்தியார் (தைப்பிங்)

டீச்சர், உங்கள் பாடம் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. மண்தட்டை ஒருமுறை சுட்டு, வெள்ளீயம் கலந்த கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் ஆகும் பூச்சு) கரைசலில் முக்கி எடுப்பார்கள். அது காய்ந்து மாவு பூசியதுபோல் இருக்கும்போதே வரைந்துவிட்டு, மறுபடி சூளையில் வைப்பார்கள். அந்தப் பரப்பு தூரிகையின் ஈரத்தை உடனே குடித்துவிடும். வைத்த கோடு வைத்ததுதான், அழிக்க வராது.

அதனால் பிள்ளை தூரிகையைத் தொடும் முன்பே வாய்விட்டுச் சொல்லட்டும்: "நடுவில் மயில், ஓரத்தில் நீலக் கொடி, கொடியில் ஐந்து இலை." பக்கத்துப் பிள்ளை அதை எழுதட்டும். எழுதிய தாளைப் பார்த்து மூன்றாவது பிள்ளை வரையட்டும். குறிப்பு குழம்பினால் மயிலுக்கு வால் போய்விடும். எழுதியவனை மற்றவர்களே விடமாட்டார்கள்!

நர்சரியில் விற்கும் பூச்சட்டித் தட்டு போதும். சுண்ணக்கட்டித் தூளை வெள்ளைப் பசையிலும் தண்ணீரிலும் குழைத்து இரண்டு முறை பூசுங்கள். பசை குறைவாக இருந்தால்தான் ஈரத்தை உறிஞ்சும். போஸ்டர் கலரில் ஐந்தே நிறம் கொடுங்கள்: நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு ஊதா. அசலில் அவை கோபால்ட், செம்பு, ஆன்டிமனி, இரும்பு, மாங்கனீசிலிருந்து வருபவை. அந்தத் தட்டில் யாரும் சோறு போட்டுச் சாப்பிடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வரைய வராத பிள்ளைக்கு ஸ்போல்வேரோ இருக்கிறது. தாளில் படத்தின் கோடுகள் மேல் குண்டூசியால் குத்தி, தட்டில் வைத்து, மெல்லிய துணியில் கட்டிய கரித்தூளால் ஒற்றினால் புள்ளிகள் இறங்கிவிடும்.

பெற்றோர் கேட்டால், இத்தாலியின் ஃபயென்சா ஊர் பீங்கான் அருங்காட்சியகத்தில் புரூனோ முனாரி என்ற ஓவியரின் முறையில் 1979 முதல் குழந்தைகளுக்குப் பட்டறை நடக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கும் அசையாதவர்களிடம் பிள்ளை எழுதிய தாளைக் காட்டுங்கள்.

ஆற்றங்கரையான் (கோலகங்சார்)

எல்லாம் சரி, இத்தாலி வரைக்கும் ஏன் போக வேண்டும்? ஆற்றுக்கு அக்கரையில் மண்பாண்டத்துக்குப் பேர்போன சாயோங் இருக்கிறது. லாபு என்னும் சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் கூஜாவைச் சுட்டு, சூடு ஆறும் முன் உமிக்குள் போட்டுக் கருப்பாக்குவதை ஒருமுறை பார்த்தால் போதும், பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம் ஆட்களே கோல சிலாங்கூர் பக்கம் இன்னும் பொங்கல் பானை வனைகிறார்கள்.

செம்பனை டீச்சர்

வாத்தியார் ஐயா, மூன்று பேர் விளையாட்டை இந்தச் சனிக்கிழமையே தொடங்குகிறேன். யாளி கேட்டவனைத்தான் முதலில் எழுத வைக்கப்போகிறேன். அவன் கையெழுத்தை அவனாலேயே படிக்க முடியாது.

ஆற்றங்கரையான் அண்ணே, வெள்ளைத் தட்டை வரைந்து முடித்த பிள்ளைகளுக்குக் கருப்பு லாபுவைக் காட்டினால் பேச இன்னும் நிறைய கிடைக்கும். சாயோங் வர ஆசைதான். வேன் வாடகை எவ்வளவு வெள்ளி ஆகும்?